சட்டை இருக்கட்டும், வக்காலத்து வேண்டாம்

தூத்தூர்,
அக்டோபர் 2025

அன்புள்ள மகன் ஷாஜினுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம். அம்மாவின் முட்டுவலி கொஞ்சம் குறைந்திருக்கிறது. குளச்சல் டாக்டர் மாற்றிக் கொடுத்த மாத்திரை பிடித்துக்கொண்டது. உனக்கு அனுப்பிய மரச்சீனி வற்றல் வந்து சேர்ந்ததா என்று தினமும் கேட்கிறாள். குடும்ப வாட்ஸ்அப் குழுவிலிருந்து நீ வெளியேறியதை அவள் இன்னும் கவனிக்கவில்லை. போன் மாற்றியிருப்பான் என்று நானாகவே சொல்லி வைத்திருக்கிறேன். கேட்டால் நீயும் அப்படியே சொல்லிவிடு.

அங்கே நியூகாசிலில் குளிர் தொடங்கியிருக்கும். இரவு ஆட்டம் முடிந்தால் கூட்டத்தோடு வீடு திரும்பு, தனியாக நடக்காதே. போன வருஷம் ஆகஸ்டில் பக்கத்து ஊரான சண்டர்லாந்தில் நடந்த கலவரத்தை டிவியில் பார்த்ததிலிருந்து, ஆட்டம் இருக்கிற நாளில் அம்மாவுக்குத் தூக்கம் வருவதில்லை. உங்கள் டீமின் கறுப்பு வெள்ளைச் சட்டை போட்டிருந்தால் யாரும் ஒன்றும் செய்ய மாட்டார்கள் என்று நீ சொன்னாய். சட்டைக்கு மேலே முகம் ஒன்று இருக்கிறதே என்று அவள் கேட்டாள். கூட்டத்தோடு போ.

நான் இன்று கால்பந்து பற்றித்தான் எழுதப் போகிறேன். வேறு எதையும் எழுதப் போவதில்லை.

மார்ச் மாதம் நியூகாசில் கோப்பையை வென்று ஊர்வலம் நடத்தியபோது, டவுன் மூர் திடலிலிருந்து நீ அனுப்பிய படத்தை நான் பிரிண்ட் எடுத்து வைத்திருக்கிறேன். 1955க்குப் பிறகு உள்நாட்டில் ஒரு கோப்பை. எழுபது வருஷம் காத்திருந்து கிடைத்த வெற்றி என்றால் கிழவர்கள் அழத்தான் செய்வார்கள். சிறுவனாக இருந்தபோது அதே கிளப் கழித்துவிட்ட டான் பர்ன் தலையால் முட்டி முதல் கோல் போட்டதும், லிவர்பூல்காரர்கள் முகம் போன போக்கும் எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது. சித்தப்பா அந்தப் படத்தைத் தன் போனில் வாங்கிக்கொண்டு, ஏலக்கூடத்தில் மீன் விலை ஏறுவதைக்கூடக் கவனிக்காமல் ஒவ்வொருவரிடமும் காட்டினார். 'எங்கள் பையன், இங்கிலாந்தில் ஜெயித்துவிட்டான்' என்றார், நீயே விளையாடியதுபோல. கடற்கரை மணலில் உனக்கு இடது காலால் அடிக்கக் கற்றுக்கொடுத்தவர் அல்லவா, அப்படித்தான் பேசுவார்.

ஆகவே உன் அன்பை நான் குறை சொல்வதாக நினைத்துவிடாதே. ஏழு பேர் ஆடும் செவன்ஸ் ஆட்டத்துக்காகப் பரீட்சையை விட்ட ஊர் இது. ஊருக்கு ஒரு டீம், டீமுக்காக ஒரு சண்டை என்று வளர்ந்தவர்களிடம் விசுவாசத்தைப் பற்றி யாரும் வகுப்பெடுக்க வேண்டாம்.

ஆனால் மக்களே, டீம் வேறு, டீமின் சொந்தக்காரன் வேறு. உங்கள் கிளப்பின் சவூதிச் சொந்தக்காரர்களுக்காக நீ வாதாடியபோதே இதைச் சொன்னேன், மறுபடியும் சொல்கிறேன்.

நீ கோபித்துக்கொண்டு போன பிறகு நான் உட்கார்ந்து படித்தேன். பிள்ளைகளுக்கு வரலாறு சொல்லிக்கொடுத்த பழக்கம், விடாது. 2021 அக்டோபர் 7 அன்று சவூதி அரசின் முதலீட்டு நிதியம் 30.5 கோடி பவுண்டுக்கு உங்கள் கிளப்பை வாங்கிய குழுவில் எண்பது சதவீதத்தை எடுத்துக்கொண்டது. இப்போது எண்பத்தைந்து. நிதியத்தின் தலைவர் பட்டத்து இளவரசர் முகம்மது பின் சல்மான். நிதியத்தின் ஆளுநர் யாசிர் அல் ருமய்யான்தான் உங்கள் கிளப்புக்கும் தலைவர். அப்படியிருந்தும், சவூதி அரசு கிளப்பைக் கட்டுப்படுத்தாது என்று சட்டப்படியான உறுதிமொழி கிடைத்துவிட்டதாகப் பிரீமியர் லீக் சொன்னது. அதே நிதியம் 2023இல் அமெரிக்க நீதிமன்றத்தில் கோல்ஃப் வழக்கு ஒன்றில் தன்னிடம் ஆவணம் கேட்டபோது என்ன சொல்லிற்று தெரியுமா? நாங்கள் அரசின் அங்கம், ருமய்யான் பதவியில் இருக்கும் அமைச்சர், எங்களுக்கு அரசுக்குரிய சட்டப் பாதுகாப்பு உண்டு என்று வாதாடியது. மைதானத்தில் அரசு இல்லை, கோர்ட்டில் அரசு. ஏழாம் வகுப்புப் பையன்கூட இந்த விடைத்தாளுக்கு மதிப்பெண் போட மாட்டான்.

கிளப் கைமாறியபோது உங்கள் செயின்ட் ஜேம்ஸ் பார்க் மைதான வாசலில் திரண்டவர்களின் படங்களையும் பார்த்தேன். சவூதியின் பச்சைக் கொடி பிடித்திருந்தார்கள். சிலர் அரபிகளைப் போலச் சமையலறைத் துண்டைத் தலையில் கட்டிக்கொண்டு ஆடினார்கள். அப்படி வேஷம் போட்டு வராதீர்கள் என்று பிறகு கிளப்பே கேட்டுக்கொள்ள வேண்டியிருந்தது. இஸ்தான்புல்லில் சவூதியின் துணைத் தூதரகத்துக்குள் போன ஜமால் கஷோகி என்ற பத்திரிகையாளர் உயிரோடு வெளியே வராமல் போய் அப்போது மூன்று வருஷம்தான் ஆகியிருந்தது. அவரைப் பிடிக்கவோ கொல்லவோ இளவரசர் ஒப்புதல் கொடுத்தார் என்று அமெரிக்க உளவுத்துறையின் அறிக்கை வெளிவந்தது அதே வருஷம் பிப்ரவரியில். அவர் மறுக்கிறார், அதுவும் இருக்கட்டும். ஆனால் அன்று வாசலில் ஆடியவர்களுக்கு அந்தப் பெயர் காதில் விழாமலா இருந்திருக்கும்?

நீ சொல்வதெல்லாம் எனக்கு மனப்பாடம். ரசிகர்களைக் கேட்டா விற்றார்கள்? கேட்கவில்லை, சரி. பிரிட்டிஷ் அரசே சவூதிக்குப் போர் விமானம் விற்கிறது. விற்கிறது, சரி. நாம் ஏறுகிற ஊபரிலும் அவர்கள் பணம் இருக்கிறது. அதுவும் சரிதான். பழைய முதலாளி மைக் ஆஷ்லி பதினான்கு வருஷம் கிளப்பைத் தன் விளையாட்டுப் பொருள் கடைக்கு விளம்பரப் பலகையாக வைத்திருந்தார், மைதானத்தின் பெயரையே மாற்றிப் பார்த்தார், இரண்டு முறை கீழ்ப்பிரிவுக்கு இறங்கினீர்கள். வயிறு எரிந்திருக்கும். ஒன்றையும் நான் மறுக்கவில்லை.

ஆஷ்லியை எதிர்த்து நீங்கள் பதாகை பிடித்தீர்கள், மைதானத்துக்கு வர மாட்டோம் என்றீர்கள். ரசிகனுக்கு வாய் உண்டு என்பதற்கு அதுவே சாட்சி. 2005இல் கிளேசர் குடும்பம் கடன் வாங்கி மான்செஸ்டர் யுனைடெட்டை வாங்கி, அந்தக் கடனைக் கிளப்பின் தலையிலேயே கட்டியபோது, ஒரு பகுதி ரசிகர்கள் வெளியேறித் தங்களுக்கென்று ஒரு கிளப்பையே தொடங்கினார்கள். பக்கத்து மான்செஸ்டர் சிட்டியோ, 2007இல் தாய்லாந்தின் தக்சின் சினவத்ரா வாங்கியபோது, மனித உரிமைக்காரர்கள் கத்தக் கத்த, பாடகர் சினாட்ராவின் பெயரோடு ஒத்துப்போகிறது என்று அவருக்கு 'ஃபிராங்க்' என்று செல்லப்பெயர் வைத்துக் கொண்டாடியது. கொண்டாடவும் முடியும், எதிர்க்கவும் முடியும். எது எப்போது நடக்கிறது என்று பார்த்தால் எனக்குச் சங்கடமாக இருக்கிறது. செலவு செய்யாத முதலாளிதான் கெட்டவன் போலிருக்கிறது.

2022 மார்ச் 12 அன்று சவூதியில் ஒரே நாளில் 81 பேருக்கு மரண தண்டனை நிறைவேற்றினார்கள். மறுநாள் உங்களுக்குச் செல்சியோடு ஆட்டம். அந்த வாரம்தான் செல்சி முதலாளி, ரஷ்யப் பணக்காரர் அப்ரமோவிச்சின் சொத்துகளை உக்ரைன் போரை ஒட்டிப் பிரிட்டன் முடக்கியிருந்தது. அதற்குச் சில நாள் முன்பு, உக்ரைனுக்காக மைதானம் எழுந்து நின்று கைதட்டியபோது அவருடைய பெயரைச் சொல்லிக் கோஷம் போட்டவர்கள் செல்சி ரசிகர்கள். ஆட்டம் முடிந்து உங்கள் பயிற்சியாளர் எடி ஹவிடம் அந்த 81 பேரைப் பற்றிக் கேட்டார்கள். கால்பந்தைப் பற்றி மட்டும் பேசுகிறேன் என்று ஒதுங்கிக்கொண்டார். அவரை விடு, சம்பளம் வாங்குகிறவர். நீ சம்பளம் வாங்கவில்லையே. டிக்கெட்டுக்குக் காசு கொடுக்கிறவன் ஏன் வாயை மூட வேண்டும்? உங்கள் ஊரிலேயே ஒரு சிறிய குழு மைதானத்துக்கு வெளியே நின்று இதைக் கேட்கிறது. அவர்களும் ரசிகர்கள்தான். அவர்களோடு சேர் என்று சொல்லவில்லை. கிண்டல் செய்யாதே என்கிறேன்.

நம் ஊர் டீமுக்கு வட்டிக்காரர் சட்டை வாங்கிக் கொடுத்த கதை உனக்குத் தெரியும். மஞ்சள் சட்டை, நெஞ்சில் அவர் ஃபைனான்ஸ் பெயர், முதல் சலவையிலேயே சாயம் போய் எல்லோருடைய உள்பனியனும் மஞ்சளானது. அதைப் போட்டுக்கொண்டுதான் இறுதியாட்டம் ஆடினார்கள், சித்தப்பாவும் ஆடினார். ஆனால் மறுநாள் டீக்கடையில் அந்த மனிதர் வந்து உட்கார்ந்ததும், வலையை அடகு வைத்தவர்கள் எழுந்து நின்று கணக்குக் கேட்டார்கள். சட்டை கொடுத்த நன்றிக்காக யாரும் வட்டியை நியாயப்படுத்தவில்லை. உன்னிடம் நான் கேட்பது அவ்வளவுதான். சட்டையைப் போட்டுக்கொள். பாட்டுப் பாடு. சொந்தக்காரனுக்கு வக்காலத்து வாங்காதே.

நம் வீடே சவூதிப் பணத்தில் எழும்பியதுதானே என்று நீ கேட்பாய். ஆமாம். மாடியும், உன் முதல் வருஷக் கல்லூரிக் கட்டணமும் ஜுபைல் துறைமுகத்துப் பணம். சித்தப்பா கடலில் நின்று உழைத்து வாங்கிய கூலி அது. கூலிக்குக் கொடி பிடிக்கும்படி யாரும் கேட்கவில்லை, அவரும் பிடிக்கவில்லை.

சரி, வந்துவிட்டேன். எழுத மாட்டேன் என்று சொன்னதை எழுதிவிடுகிறேன்.

2034 உலகக் கோப்பை சவூதியில் நடக்கப்போவதைப் பற்றி உன் தங்கை ஜெனி குழுவில் ஏதோ போட்டாள். அங்கே வேலை செய்கிறவர்களைப் பற்றி. நீ பதில் போட்டாய்: 'ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டுத்தானே போகிறார்கள், யாரும் கட்டி இழுத்துக்கொண்டு போகவில்லையே.' அவளை ஜெயிப்பதற்காகப் போட்டாய், எனக்குத் தெரியும். ஆனால் குழுவில் சித்தப்பாவும் இருக்கிறார். அவர் படித்ததற்கு இரண்டு நீலக் கோடு வந்தது. அதற்குப் பிறகு அவர் ஒன்றும் எழுதவில்லை.

தாத்தா அடக்கத்துக்குச் சித்தப்பா ஏன் வரவில்லை என்று நீ சின்ன வயதில் என்னைக் கேட்டாய். அங்கே வேலை அதிகம் என்றேன். பிள்ளைகளிடம் சொல்ல வேண்டாம் என்பது அவர் சொன்னது. பாஸ்போர்ட் கபீல் கையில், அதாவது விசா கொடுத்த முதலாளி கையில் இருந்தது. ஊருக்கு வர எக்ஸிட் அனுமதி வேண்டும் என்று அவர் போய் நின்றார். அந்த சீசன் மீன் முடியட்டும் என்றான் அந்த ஆள். அங்கே தங்குவதற்கான அனுமதிச் சீட்டு, இக்காமா, அதையும் புதுப்பிக்கவில்லை, வெளியே போனால் போலீஸ் பிடிக்கும். கல்லறையில் குருவானவர் ஜெபம் சொல்லும்போது நான் போனை உயர்த்திப் பிடித்துக்கொண்டு நின்றது உனக்கு நினைவிருக்கலாம். மறுமுனையில் அவர், படகில். கடைசியில் ஊர் வந்தபோது பல மாதச் சம்பளம் பாக்கி, இன்றுவரை வரவில்லை. ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டவர்தான். அரபியில் எழுதியிருந்த தாளில்.

ஒரு கபீல் செய்ததற்கு ஒரு நாட்டையே ஏசுவதா என்பாய். அந்த நாட்டில் நல்ல கபீல் வாய்த்து நிம்மதியாக இருந்தவர்கள் நம் தெருவிலேயே உண்டு. நல்லவன் வாய்த்தால்தான் தாய் தகப்பனை அடக்கம் செய்ய வரலாம் என்று ஒரு சட்டம் இருந்ததைத்தான் சொல்கிறேன். 2021இல் சில விதிகளைத் தளர்த்தியிருக்கிறார்கள், நல்லது.

சித்தப்பாவுக்கு உன்மேல் கோபம் இல்லை. இதுதான் எனக்குத் தாங்கவில்லை. இப்போதும் நியூகாசில் ஆட்டம் எப்போது என்று என்னிடம்தான் கேட்கிறார், முன்பு உன்னிடம் கேட்பார். ஆகஸ்டில் உங்கள் கோல் வீரன் ஐசக் பயிற்சிக்கு வர மாட்டேன் என்று முரண்டு பிடித்து, செப்டம்பர் முதல் தேதி 12.5 கோடி பவுண்டுக்கு லிவர்பூல் போனானே, அன்று நீங்களெல்லாம் துரோகி என்று கூவினீர்கள். சித்தப்பா செய்தியைக் கேட்டுவிட்டுச் சிரித்தார். 'அதே முதலாளிதானே அண்ணா? வேலைக்கு வர மாட்டேன் என்றவனுடைய பாஸ்போர்ட்டை யாரும் பிடுங்கி வைக்கவில்லையே' என்றார். பிறகு, 'ஆனாலும் அவனை விட்டது தப்பு, இனி யார் கோல் போடுவது?' என்றும் கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை.

நீ அவரைக் கூப்பிடு. மன்னிப்பெல்லாம் கேட்காதே, அவர் கூச்சப்பட்டுப் போனை வைத்துவிடுவார். ஐசக்கைப் பற்றிப் பேசு. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து பத்தரை மணிக்கு வீட்டில் இருப்பார். உனக்கு அது காலை ஆறு மணி, அலாரம் வைத்துக்கொள். வார நாளில் வேண்டாம், துறைமுகத்தில் சத்தத்தில் ஒன்றும் கேட்காது. கூப்பிட்ட பிறகு குழுவில் திரும்பச் சேர்ந்துகொள், ஜெனியிடம் சொல்லியிருக்கிறேன்.

கிறிஸ்துமஸுக்கு வருவதானால் டிக்கெட்டை இப்போதே போடு, நவம்பரில் விலை இரட்டிப்பாகும். திருவனந்தபுரத்துக்கே போடு, கொச்சி வேண்டாம். இரவில் கூட்டத்தோடு வீடு திரும்பு.

அன்புடன்,
அப்பா

பி.கு.: மரச்சீனி வற்றல் வந்ததா இல்லையா என்று அம்மாவுக்குத் தனியாக ஒரு வரி போடு.