கார் ஷெட் பற்றி அப்பாவுக்கு

வினிபெக்
நவம்பர் 9

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. வீட்டுச் செய்தியெல்லாம் தம்பி கைப்பேசியில் அவ்வப்போது சொல்லிவிடுகிறான் என்றாலும், உங்கள் கையெழுத்தில் படிப்பது வேறு. மருமகளும் படித்தாள். சின்னவளுக்கு நான் வாசித்துக் காட்டினேன், "தாத்தா ஏன் திட்டுகிறார்?" என்று கேட்டாள். திட்டவில்லை, விசாரிக்கிறார் என்று சொல்லிவைத்திருக்கிறேன்.

"குடியிருக்கிற வீட்டின் வெளிச்சுவர் வேலையே பாதியில் நிற்கிறது, அதற்குள் காருக்கு எதற்குத் தனி ஷெட், அதற்குள் ஹீட்டர் வேறு?" என்று எழுதியிருந்தீர்கள். நாற்பது வருடம் மேஸ்திரியாக இருந்தவர் கேட்கும் நியாயமான கேள்வி. போனில் பதில் சொல்ல ஆரம்பித்தால் பாதியில் அம்மா வாங்கிக்கொள்வாள். அதனால் எழுதுகிறேன்.

முதலில் குளிர். ஜனவரி இரவுகளில் பூஜ்ஜியத்துக்குக் கீழே 30 டிகிரி என்பதை இங்கே யாரும் பெரிதாகப் பேசுவதில்லை. எஞ்சின் எண்ணெய் கெட்டியாகிவிடும். பேட்டரி பாதி பலத்தை இழந்துவிடும். இந்த ஊர்க் கார்களின் முன்பக்கத்தில் ஒரு மின்சார ஒயர் வெளியே தொங்கும். எஞ்சினுக்குள் ஒரு சிறிய ஹீட்டர் இருக்கிறது. இரவில் அந்த ஒயரைப் பிளக்கில் செருகிவைத்தால்தான் காலையில் வண்டி கிளம்பும். வேலை செய்யும் இடங்களில் வண்டி நிறுத்துமிடத்திலும் இதற்காகவே வரிசையாகப் பிளக் வைத்திருப்பார்கள். உங்கள் மருமகள் முதியோர் இல்லத்துக்குப் போவது விடியற்காலை ஷிப்டுக்கு. அந்த நேரத்தில் எங்கள் பக்கம் பஸ் கிடையாது. வண்டி கிளம்பவில்லை என்றால் அன்றைய வேலை போனது போலத்தான். ஆகவே இது ஆடம்பரத்துக்குச் செய்த வேலை இல்லை அப்பா.

ஏன் இரண்டையும் ஒரே நேரத்தில் என்பதற்கும் காரணம் இருக்கிறது. மின்சாரம் வீட்டுக்குள் வரும் மீட்டர் வெளிச்சுவரில்தான் இருக்கிறது. பழைய இணைப்பு 100 ஆம்பியர்; ஷெட் ஹீட்டரையும் சேர்த்தால் தாங்காது என்று எலக்ட்ரீஷியன் சொல்லிவிட்டார். புதுப் பலகையை அடித்து முடித்த பிறகு மீட்டரை மாற்றினால் சுவரை மறுபடி பிரிக்க வேண்டும். சுவர் திறந்திருக்கும்போதே 200-க்கு மாற்றி, அங்கிருந்து பள்ளம் வெட்டி, கேபிளை மண்ணுக்கடியில் ஷெட்டுக்குக் கொண்டுபோய்விட்டோம். பள்ளம் வெட்டுவதற்கு முன் சொல்லிவிட்டால் ஆட்கள் வந்து மண்ணுக்கடியில் எது எங்கே போகிறது என்று புல்லின் மேலேயே வர்ணம் அடித்துவிட்டுப் போகிறார்கள். மஞ்சள் என்றால் கேஸ், சிவப்பு மின்சாரம், ஆரஞ்சு தொலைபேசி. இந்த ஏற்பாடு எனக்கு மிகவும் பிடித்திருந்தது.

இனி நீங்கள் கேட்காத, ஆனால் கட்டாயம் தெரிந்துகொள்ள விரும்பும் விஷயம்: கடைக்கால். அஸ்திவாரத்துக்கு வானப் பள்ளம் தோண்டாமல் ஷெட் கட்டியிருக்கிறேன். கோபப்படாமல் மேலே படியுங்கள்.

இந்த ஊர் மண் சுத்தக் களி. பல ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் இங்கே அகாசி என்று இன்று பெயர் சொல்கிற மாபெரும் ஏரி இருந்திருக்கிறது, பனிப்பாறை உருகித் தேங்கிய தண்ணீர். அது வடிந்தபோது தங்கிய வண்டல்தான் இந்தக் களி. மழைக்கு உப்புகிறது, வறட்சிக்குச் சுருங்குகிறது. போதாக்குறைக்கு குளிர்காலத்தில் ஆறடி ஆழம் வரைக்கும்கூட உறைந்துபோகிறது. உறையும் மண் அடியில் இருக்கும் ஈரத்தை மேலே இழுத்துக்கொண்டே இருக்கும். அது அடுக்கடுக்காகப் பனிக்கட்டியாகி மேலே இருப்பதைத் தூக்கும். வசந்தத்தில் உருகி மறுபடி இறக்கும். வேலித் தூண் எத்தனையோ சாய்ந்து நிற்பதை இங்கே தெருவெல்லாம் பார்க்கலாம். ஆறடிக்கும் கீழே போய்க் கடைக்கால் எடுக்கலாம், பெரிய வீட்டுக்கு அப்படித்தான் செய்வார்கள். ஷெட்டுக்கு வேறு வழி: மேல்மண்ணை வாரிவிட்டு, ஜல்லி கொட்டித் திம்சு போட்டு இடித்து இறுக்கி, அதன் மேல் இரண்டு அங்குல கெட்டி நுரைப்பலகை பரப்பி, கம்பி கட்டி, ஓரங்களை மட்டும் ஆழமாக வைத்து ஒரே தளமாகக் கான்கிரீட் போட்டுவிடுகிறார்கள். மண் அசைந்தால் தளம் முழுதும் சேர்ந்து அசையும், விரிசல் விடாது. நுரைப்பலகை சூட்டை மண்ணுக்குப் போகவிடாது. தளத்தைச் சுற்றி வெளியிலும் மண்ணுக்கடியில் அதே பலகையைப் படுக்கவைத்திருக்கிறேன், குளிர் ஓரத்தில் இறங்காமல் இருக்க.

கான்கிரீட் லாரியில் கலந்தே வந்தது. 32 மெகாபாஸ்கல் வலுவுள்ளதாகக் கேட்டிருந்தேன். உங்களுக்கு ஆச்சரியமான ஒன்று சொல்கிறேன். கான்கிரீட்டில் காற்று நிற்கக் கூடாது என்று கம்பியை வைத்துக் குத்திக்கொண்டே இருப்பீர்களே, இங்கே மருந்து கலந்து வேண்டுமென்றே காற்றை உண்டாக்குகிறார்கள். கண்ணுக்குத் தெரியாத அளவு நுண்ணிய குமிழிகள், மொத்தக் கனஅளவில் ஐந்து முதல் எட்டு சதவீதம். தண்ணீர் உறையும்போது ஒன்பது சதவீதம் பெருக்குமே, அந்தப் பெருக்கம் போய் ஒதுங்க இடம் வேண்டும். இல்லையென்றால் மேற்பரப்பு செதில் செதிலாகப் பெயர்ந்துவிடும். பெரிய காற்றுப் பைகளை நாங்களும் குத்தித்தான் வெளியேற்றினோம். நீங்கள் சொல்வது தவறில்லை, இது அதற்கு மேல் ஒன்று.

தரைக்குக் கதவை நோக்கி அடிக்குக் கால் அங்குலம் வாட்டம் கொடுத்திருக்கிறேன். வண்டியோடு வரும் பனியும் சாலையில் தூவும் உப்பும் உள்ளே உருகி நின்றால் கான்கிரீட்டுக்கும் கெடுதல், வண்டிக்கும் கெடுதல். மறுநாளே தளத்தில் ரம்பம் வைத்துக் கோடு கிழித்தோம். மண் அசைவுக்கு விரிசல் விடாவிட்டாலும், கான்கிரீட் காய்ந்து சுருங்கும்போது விரிசல் வந்தே தீரும், அது நாம் சொன்ன இடத்தில் வரட்டும் என்பதற்காக.

மூலைமட்டம் பார்த்ததைச் சொல்ல வேண்டும். பக்கத்து வீட்டுப் பெரியவர் லேசர் கருவி கொண்டுவருவதாகச் சொன்னார். நான் நூல் கட்டி, ஒரு பக்கம் மூன்றடி, மறுபக்கம் நான்கடி குறித்து, குறுக்கே ஐந்தடி வருகிறதா என்று பார்த்தேன். பிறகு இரு மூலைவிட்டங்களையும் அளந்து ஒப்பிட்டேன். அவர் கருவியோடு வந்தபோது எல்லாம் சரியாக இருந்தது. "யாரிடம் கற்றாய்?" என்றார். சொன்னேன்.

இவரைப் பற்றி எழுதியதில்லை இல்லையா? ரயில்வேயில் இருந்து ஓய்வுபெற்றவர். மனைவி இறந்துவிட்டார். குளிர்காலம் முழுதும் தன் வீட்டில் இருப்பதே இல்லை, பின் சந்துப் பக்கம் பார்த்த தன் ஷெட்டிலேயே இருப்பார். அதற்குள் ஹீட்டர், ஒரு பழைய நாற்காலி, ரேடியோ. தெருவில் யாருடைய கோடரியானாலும் உளியானாலும் அவரே தீட்டித் தருவார், காசு வாங்கமாட்டார். சுவரின் உள்பக்கப் பலகை ஒன்றில் பென்சிலால் பொடிப்பொடியாக எண்கள். 1970-களில் அந்த ஷெட்டைக் கட்டிய நாளிலிருந்து குளிர்காலக் காலைகளில் எத்தனை டிகிரி என்று தேதியோடு எழுதிக்கொண்டே வருகிறார். ஒரு பலகை நிரம்பினால் அடுத்தது. சில எண்களுக்குப் பக்கத்தில் ஒரு சிறு புள்ளி இருக்கும். அவை மனைவி ஆஸ்பத்திரியில் இருந்த நாட்கள் என்று ஒருமுறை சொன்னார். அதற்கு மேல் நான் கேட்கவில்லை.

ஷெட்டை வீடுபோலச் சூடாக வைக்காதே, எட்டு பத்து டிகிரி போதும் என்று அவர்தான் சொல்லிக்கொடுத்தார். அதிகம் சூடானால் உப்புத்தண்ணீர் வண்டியின் அடியைச் சீக்கிரம் அரித்துவிடுமாம். சுவருக்கு உள்பக்கம், அதாவது சூடான பக்கம், பாலிதீன் தாள் ஒட்டவேண்டும் என்பதையும் அவரே நின்று பார்த்துக்கொண்டார். உள்ளே இருக்கும் ஈரக்காற்று சுவருக்குள் நுழைந்தால் அங்கே குளிர்ந்து தண்ணீராகி மரத்தை அழுகவைக்கும். சுவரெல்லாம் மரச் சட்டம்தான், செங்கல் ஒன்றுகூட இல்லை. சட்டங்களுக்கு நடுவே பஞ்சு அடைத்திருக்கிறது. அம்மா பயப்பட வேண்டாம் என்று சொல்லுங்கள்: புகை எச்சரிக்கைக் கருவி, கார்பன் மோனாக்சைடு கருவி இரண்டும் மாட்டியாகிவிட்டது. தனிக் கட்டடம் என்பதால் வண்டிப் புகை வீட்டுக்குள் வரவும் வழியில்லை.

வீட்டு வெளிச்சுவரைப் பற்றி: பழைய பூச்சு உங்களுக்குப் பிடித்திருக்கும். இந்தப் பக்கத்துப் பழைய வீடுகளில் சிமெண்ட் பூச்சு ஈரமாக இருக்கும்போதே உடைத்த பாட்டில் கண்ணாடியை வீசிப் பதித்திருக்கிறார்கள். பழுப்பு, பச்சை, நடுவே வெள்ளை. சாயங்கால வெயில் பட்டால் சுவர் முழுதும் மின்னும். வீசியவர் கை நல்ல கை, எங்கும் திட்டுத்திட்டாக இல்லை. விரிசல் விட்ட பக்கங்களில் மேலே நுரைப்பலகை வைத்துப் புதுப் பலகை அடித்துவிட்டேன். வாசற்கதவை ஒட்டிய பகுதி மட்டும் கெட்டியாக இருக்கிறது, அதை அப்படியே விட்டுவிட்டேன். மூட மனம் வரவில்லை. புதுப் பலகை வினைல். ஆணியை இறுக அடிக்கக் கூடாது. வெயிலுக்கு நீளும், குளிருக்குச் சுருங்கும், அதனால் துளையின் நடுவில் அடித்து ஒரு மயிரிழை விட்டுவைக்க வேண்டும். வடக்குப் பக்கம் இன்னும் அடிக்கவில்லை. கடுங்குளிரில் வினைல் வெட்டும்போதே நொறுங்கும். வசந்தத்தில் பார்த்துக்கொள்ளலாம். அதுவரை நீர் புகாத தாள் சுற்றியிருக்கிறது.

வேலை எப்படி என்று கேட்டிருந்தீர்கள். நன்றாகத்தான் இருக்கிறது. கோடையிலிருந்து கம்பெனியில் வாரத்துக்கு நான்கு நாள்தான், அதுவும் நல்லதாகப் போயிற்று. இல்லாவிட்டால் இதையெல்லாம் நானே செய்ய நேரம் கிடைத்திருக்காது. கீழ்த்தள அறையைப் படிக்கும் பையன் ஒருவனுக்கு வாடகைக்கு விட்டிருக்கிறோம். வீட்டில் ஒரு ஆள் கூட இருந்தால் கலகலப்புதானே. அவன் அதிகம் பேசமாட்டான், ஆனால் மரியாதையான பிள்ளை.

தளத்துக்கு மணியாஸ் கட்டை பிடித்துத் தேய்த்த அன்று சாயங்காலம், கடைசி மூலையில் முட்டிபோட்டு உட்கார்ந்திருந்தேன். ஈரச் சிமெண்ட் வாசனை. அது உங்கள் சட்டை வாசனை அப்பா. பள்ளிக்கூடம் விட்டு நான் ஓடிவந்து உங்கள் சைக்கிள் முன்கம்பியில் ஏறும்போது மூக்கில் ஏறுமே, அதேதான். இத்தனை வருடத்தில் இந்த ஊரில் எதுவும் அப்படி என்னை நிறுத்தியதில்லை. கரண்டியை வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் அப்படியே இருந்துவிட்டேன். பெரியவர் தூரத்தில் நின்றுகொண்டிருந்தார், பக்கத்தில் வரவில்லை. நீங்கள் ஒரு முறை வந்து அந்தத் தரையில் நடந்து, எங்கே பள்ளம் எங்கே மேடு என்று காலாலேயே சொல்லவேண்டும். ஜூன் மாதம் என்றால் இரவு ஒன்பதரை வரைக்கும் வெளிச்சம் இருக்கும், குளிரே தெரியாது. டிக்கெட்டை நான் பார்த்துக்கொள்கிறேன். இந்த ஜூன் இல்லையென்றால் அடுத்த ஜூன்.

இனி வீட்டு விஷயம். சமையலறைப் பின்சுவர் விரிசலைத் தம்பி படம் எடுத்து அனுப்பியிருந்தான். ஜன்னல் மூலையிலிருந்து படிபடியாகச் செங்கல் இணைப்பு வழியே இறங்குகிறது. அடியில் ஏதோ இறங்கியிருக்கிறது, வெறும் பூச்சு விரிசல் இல்லை. எனக்குச் சந்தேகம் பின்பக்கக் குழாய்க் கசிவு மேல்தான். மேலே பூசி மறைப்பதற்கு முன் அந்தக் குழாயைப் பார்க்கச் சொல்லுங்கள். விரிசலின் குறுக்கே ஒரு கோடு போட்டுத் தேதி எழுதிவைக்கச் சொல்லுங்கள், ஒரு மாதம் கழித்து அகன்றிருக்கிறதா என்று தெரியும். சாரத்தில் நீங்கள் ஏறக் கூடாது. அக்கா சொன்னாள், போன மாதம் ஏறினீர்களாம். கீழே நின்று சொன்னாலே போதும், உங்கள் பேச்சைக் கேட்டுச் செய்ய ஆட்கள் இருக்கிறார்கள்.

அம்மா கண் ஆபரேஷனைத் தள்ளிப்போட வேண்டாம். முதலில் வலது கண்ணை முடித்துவிடுங்கள். இந்த மாதப் பணம் பத்து நாள் தாமதமாக வரும், வங்கியில் கணக்கு மாற்றுகிறேன், அவ்வளவுதான். ஆஸ்பத்திரிக்கு முன்பணம் கட்டவேண்டியிருந்தால் தம்பி கொடுக்கட்டும், நான் அவனுக்கு அனுப்பிவிடுகிறேன்.

அக்காவின் சொத்துப் பங்குப் பத்திரத்துக்கு என் கையெழுத்து வேண்டும் என்று மாப்பிள்ளை கேட்டிருந்தார். எனக்கு முழுச் சம்மதம், தோட்டத்துப் பக்கம் அவளுக்கே போகட்டும், இதில் இரண்டாம் பேச்சு வேண்டாம். வக்கீலிடம் அதிகாரப் பத்திர நகலை அனுப்பச் சொல்லுங்கள், தூதரகத்தில் சான்று வாங்கித் தபாலில் அனுப்புகிறேன். சர்வே எண்ணைப் பழைய பட்டாவோடு ஒருமுறை ஒப்பிட்டுவிட்டு அனுப்பச் சொல்லுங்கள். பெரியப்பா காலத்தில் கிணற்றுப் பக்கம் பிரித்தபோது எண் மாறியது உங்களுக்கு நினைவிருக்கும். அந்தப் பழைய தாள் பீரோவின் மேல்தட்டில், என் பள்ளிச் சான்றிதழ்களோடு இருக்கிறது. தம்பியிடம் எடுத்துக்கொடுக்கச் சொல்லுங்கள்.

உங்கள் அன்பு மகன்