டிக் சத்தம் போயே போச்சு: ஒரு நன்றி மடல்

எல்லாருக்கும் வணக்கம்.

நானே கட்டிய ட்ரெமோலோ பெடல், கிட்டாரின் ஒலியை ஏற்றி இறக்கும் அந்தக் கால்மிதிப் பெட்டி, வேலை செய்கிறது. நேற்று மேடையில் கடைசிப் பாட்டு முடியும் வரைக்கும் ஒரு டிக் கூட இல்லை. வீட்டுக்கு வந்ததிலிருந்து ஆம்பை (கிட்டாரின் ஒலியைப் பெருக்கும் பெட்டி) போட்டுவிட்டு, கிட்டாரைத் தொடாமல், ஒன்றும் வராததைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். பைத்தியம் என்று நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள்.

பெடலிலிருந்து நிற்காமல் டிக், டிக் என்று ஒரு சத்தம் வந்துகொண்டிருந்தது, அதற்காகக் கடைசி நேரத்தில் உங்கள் எல்லாரையும் எப்படிப் படுத்தி எடுத்தேன் என்பது உங்களுக்கே தெரியும். மறுபடி சொல்ல எனக்குத் தெம்பில்லை, கேட்க உங்களுக்கும் பொறுமை இருக்காது. தூங்கப் போவதற்குள் நன்றி சொல்லிவிட வேண்டும், அவ்வளவுதான். நாளைக்கு எழுதினால் யோசித்து, நாசூக்காக எழுதிவிடுவேன்.

முதலில் மொத்தமாக. அலுமினியப் பெட்டியில் துளை போட்டுக் கொடுத்தவருக்கு நன்றி; ஃபுட் ஸ்விட்சுக்கான 12 மில்லிமீட்டர் ஓட்டை பிசிறே இல்லாமல் வந்திருக்கிறது. மல்ட்டிமீட்டரைக் கடன் கொடுத்துவிட்டு ஒரு தடவைகூடத் திருப்பிக் கேட்காதவருக்கு நன்றி. அந்த ஸ்விட்சின் ஒன்பது உலோகக் கால்களில் நான் ஈயம் வைத்துப் பற்றவைக்கும்போதெல்லாம் “போதும், அயனை எடு, உள்ளே பிளாஸ்டிக் இளகிடும்” என்று தலைக்கு மேல் நின்று கத்தியவருக்கும் நன்றி, காது இன்னும் வலிக்கிறது. பாட்டு வரிசையை மாற்றி என் பாட்டைக் கடைசிக்குத் தள்ளிய குழு நண்பர்களே, நீங்கள் அதைச் செய்திருக்காவிட்டால் இந்த மடலே இல்லை. சுவருக்கு அந்தப் பக்கம் இருந்துகொண்டு ராத்திரி பூராவும் டிக், டிக், டிக் என்று கேட்டும் கதவைத் தட்டாத பக்கத்து வீட்டாருக்கு எப்படி நன்றி சொல்வதென்றே தெரியவில்லை.

அப்புறம் நம் சின்னவன். மூடியைத் திறந்து வைத்தால் ஒரு ரீங்காரம் கூடுதலாக வருகிறது, கையால் மறைத்தால் போய்விடுகிறது என்று முதலில் கவனித்தது அவன்தான். அவன் சொன்னது சரி. பல மின்விளக்குகள் நம் கண்ணுக்குத் தெரியாத வேகத்தில், அந்தந்த ஊர் மின்சாரத்தைப் பொறுத்து நொடிக்கு 100 அல்லது 120 தடவை துடிக்கும். பெட்டிக்குள் இருக்கும் எல்டிஆர் வெளிச்சத்தைப் பார்த்துத் தன் தடையை மாற்றிக்கொள்கிற பொருள். அறை விளக்கின் துடிப்பையும் அது பார்த்துவிடும், பாட்டில் கலந்துவிடும். பெரியவர்கள் நாங்கள் எல்லாரும் ஐசி சில்லையே முறைத்துக்கொண்டிருந்தபோது அவன் மட்டும் கையை நீட்டி மறைத்துப் பார்த்தான்.

“இதுக்கு ஒண்ணு வாங்கிடலாமே” என்று சொன்னவர்களுக்கும் நன்றி. எத்தனை பேர் சொன்னீர்கள் என்று நான் எண்ணவில்லை, ஆனால் முகம் நினைவிருக்கிறது.

சரி, இப்போது ஐயா.

அவர் நம்பரைக் கொடுத்தது நம் ட்ரம்ஸ்காரர். பழைய வால்வு ஆம்ப்களைப் பழுது பார்த்துக்கொண்டிருந்தவர், இப்போது கண் சரியில்லாததால் வேலையை விட்டுவிட்டார், கேட்டுப் பார் என்றார். எனக்கும் அவருக்கும் முன்பின் பழக்கம் கிடையாது. பெயரைப் போடக்கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார், அதனால் ஐயா என்றே எழுதுகிறேன். இதை அவருக்கு வாசித்துக் காட்டப்போவது அவர் பேத்திதான் என்றும் தெரியும். கண்ணு, இந்த இடத்தில் கொஞ்சம் மெதுவாக வாசி.

போனை எடுத்ததும் நான் மூச்சு விடாமல் ஆரம்பித்தேன். எந்த சர்க்யூட், எந்த ஐசி, எதையெல்லாம் மாற்றிப் பார்த்தேன், யார் யார் என்ன சொன்னார்கள். நடுவில் நிறுத்தினார். “அதெல்லாம் அப்புறம். போனை ஆம்ப் பக்கத்துல வைம்மா. நான் கேக்கறேன்.”

வைத்தேன். ரொம்ப நேரம் ஒன்றுமே பேசவில்லை. லைன் போய்விட்டதோ என்று எடுத்துப் பார்த்தேன். “எடுக்காதே, வை” என்று குரல் வந்தது.

அப்புறம் ஒவ்வொன்றாகக் கேட்டார். கிட்டார் வால்யூமை முழுசாகக் குறை, டிக் இருக்கிறதா? இருந்தது. டெப்த் குமிழை, ஒலி எவ்வளவு ஏறி இறங்க வேண்டும் என்று வைப்பதை, பூஜ்யத்துக்குக் கொண்டு வா. அப்போதும் இருந்தது. ஸ்பீடைக் கூட்டு. டிக்கும் கூடவே ஓடியது. அடாப்டரைக் கழற்றிவிட்டு பேட்டரி போடு. அதே டிக். கடைசியாக, “எல்இடியோட ஒரு காலை மட்டும் போர்டுல இருந்து தூக்கிவிட்டுப் பாரும்மா” என்றார். தூக்கினேன். நின்றுவிட்டது. அவர் சிரித்தது போனில் கேட்டது.

இந்தப் பெடலுக்குள் என்ன நடக்கிறது என்று தெரியாதவர்களும் இதை வாசிப்பீர்கள் என்பதால் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ட்ரெமோலோ என்பது ஒலியின் அளவைச் சீராக ஏற்றி இறக்குவது. சுருதி மாறாது, வால்யூம் மட்டும் மாறும். நொடிக்கு ஒன்றிரண்டு தடவையிலிருந்து பத்து தடவை வரை ஏற்றி இறக்கலாம். உள்ளே ஓர் ஆஸிலேட்டர் மெதுவான அலையை உண்டாக்கும், அந்த அலைக்கு ஏற்ப ஓர் எல்இடி எரிந்து அணையும். அதற்கு நேர் எதிரே எல்டிஆர், இரண்டும் ஒரு கறுப்புக் குழாய்க்குள். வெளிச்சம் விழும்போது எல்டிஆரின் தடை குறையும், கிட்டாரின் ஒலியில் ஒரு பங்கு கிரவுண்டுக்கு, அதாவது எல்லாவற்றுக்கும் பொதுவான திரும்பு வயருக்கு, வடிந்துவிடும். இருட்டானால் ஒலி திரும்ப எழும். எல்டிஆர் உடனே பழைய நிலைக்குத் திரும்பாது, கொஞ்சம் சோம்பேறி. அதனால்தான் ஒலி சட்டென்று இறங்கினாலும் ஏறும்போது வழுக்கிக்கொண்டு ஏறும். எனக்கு இந்த வகைப் பெடல் பிடித்ததே அந்தச் சோம்பலுக்காகத்தான்.

சிக்கல் என்னவென்றால், ஆஸிலேட்டர் தருவது சட்டென்று ஏறிச் சட்டென்று இறங்கும் சதுர அலையாக இருந்தால் எல்இடி ஒரே நொடிப்பில் எரிகிறது, ஒரே நொடிப்பில் அணைகிறது. ஒவ்வொரு தடவையும் சில மில்லிஆம்பியர் மின்சாரத்தை 9 வோல்ட் லைனிலிருந்து திடீரென்று இழுக்கும். லைன் அந்தக் கணத்தில் லேசாகக் குலுங்கும். ஒலியைப் பெருக்கும் பகுதியும் அதே லைனில், அதே கிரவுண்ட் வயரில் தொங்குவதால் அந்தக் குலுக்கல் அதற்குள் ஏறி டிக் என்று வெளியே வரும். நான் டெப்த்தைக் குறைத்தால் எல்டிஆரின் பங்குதான் குறைகிறது. எல்இடி அதுபாட்டுக்கு எரிந்துகொண்டுதான் இருக்கிறது. ஐயா கேட்ட கேள்விகள் எல்லாம் இதை நோக்கித்தான் என்று எனக்குப் பிற்பாடுதான் புரிந்தது. கிட்டாரிலிருந்து வரவில்லை, எல்டிஆர் வழியாக வரவில்லை, அடாப்டரிலிருந்து வரவில்லை. மிச்சம் இருப்பது எல்இடி குடிக்கிற மின்சாரம்.

பெடலில் இருந்த 072 என்ற ஐசியை எடுத்துவிட்டு 062 என்ற இன்னொன்றைப் போடச் சொன்னவர்களைக் குறை சொல்வதாக நினைக்க வேண்டாம். நல்ல யோசனைதான்; 062 ரொம்பக் குறைவாகவே மின்சாரம் இழுக்கும், பல பெடல்களில் டிக்கை அடக்கியும் இருக்கிறது. என் பெடலில் டிக் வந்த வழி வேறு, அவ்வளவுதான். ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். எனக்கு யோசனை சொன்னவர்கள் நிறைய, சத்தத்தைக் கேட்டவர் அவர் ஒருவர்தான்.

எல்இடி, எல்டிஆர் எல்லாம் இந்தக் காலத்து ஏற்பாடு என்று நினைத்திருந்தேன். அன்றைக்குப் பேச்சுவாக்கில் அதையும் திருத்தினார். 1960களின் வால்வு ஆம்ப்களில் நியான் விளக்கு ஒன்றையும் எல்டிஆர் ஒன்றையும் குழாய்க்குள் அடைத்து இதே வேலையைச் செய்திருக்கிறார்கள். அவற்றிலும் டிக் வரும், மரக்குச்சியால் வயர்களை இப்படியும் அப்படியும் நகர்த்தி அடக்குவாராம். அதற்கும் முன்னால், 1940களில் வந்த டிஆர்மண்ட் ட்ரெமோலோவில் ஒரு மோட்டார் சின்னக் குப்பியைக் குலுக்கும், உள்ளே இருக்கும் மின் கடத்தும் திரவம் அலம்பி முனையைத் தொடும்போதெல்லாம் ஒலி கொஞ்சம் கிரவுண்டுக்குப் போய்விடும். என் பதற்றம் அடங்கட்டும் என்று சொன்னாரோ என்னவோ, அடங்கியது.

“போர்டை ரெண்டு பக்கமும் போட்டோ எடுத்து பேத்திக்கு அனுப்பு. செப்புப் பக்கத்துக்கு டார்ச்சைச் சாய்ச்சுப் பிடி, அப்பதான் ஈயம் எங்க சரியா பிடிக்கலன்னு தெரியும்.” இதோடு பேச்சு முடிந்தது. அனுப்பினேன். நூறு ஓம் ரெசிஸ்டர், நூறு மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் என்று பதில் வரும், நாமே போட்டுவிடலாம் என்றுதான் இருந்தேன்.

வந்தது ஒரு தபால் உறை.

உள்ளே மடித்த காகிதத்தில் ஒரு ரெசிஸ்டர், ஒரு கெப்பாசிட்டர், விரல் நீளத்துக்குக் கறுப்பு ஹீட் ஷ்ரிங்க் குழாய் (சூடு பட்டால் சுருங்கிக்கொள்வது), உரித்து முனையில் ஈயம் பூசிய ஒரு கறுப்பு வயர். ரெசிஸ்டரை எடுத்து என் போர்டின் மேல் வைத்தேன். இரண்டு காலும் நேராகத் துளைக்குள் இறங்கின. போட்டோவைப் பார்த்து எத்தனை துளை இடைவெளி என்று எண்ணி, அந்த அளவுக்கே காலை மடித்து அனுப்பியிருக்கிறார். கெப்பாசிட்டரின் இரண்டு காலையும் வெட்டியிருந்தார், ஆனால் எது பாசிட்டிவ் என்று தெரிவதற்காக ஒன்றைக் கொஞ்சம் நீளமாக விட்டு வைத்திருந்தார். வயரின் நீளம் எல்இடியின் கிரவுண்டிலிருந்து அடாப்டரைச் செருகும் டிசி ஜாக் வரைக்கும் சரியாக எட்டியது, ஒரு மடிப்புக்கு இடம் விட்டு. கண் சரியில்லாதவர். பேத்தி போட்டோவைப் பெரிதாக்கிக் காட்டியிருப்பாள், இவர் எண்ணியிருப்பார்.

நூறு ஓம் ரெசிஸ்டர் என்னிடம் ஒரு பட்டையே இருக்கிறது. போட்டது அவர் அனுப்பியதைத்தான்.

காகிதம்தான் சர்க்யூட் படம். பென்சிலில் போட்டது. ஆஸிலேட்டருக்கும் எல்இடிக்கும் போகிற 9 வோல்ட் லைனை ஓர் இடத்தில் வெட்டச் சொல்லி ஒரு குறுக்குக்கோடு, அந்த வெட்டின் மேல் ரெசிஸ்டர், அதைத் தாண்டியதும் கெப்பாசிட்டர் கிரவுண்டுக்கு. ஓரத்தில், “0.3 வோல்ட் போகும். பரவாயில்லை.” எல்இடிக்குத் திடீரென்று தேவைப்படுகிற மின்சாரத்தை இனி பக்கத்தில் இருக்கும் கெப்பாசிட்டரே கொடுத்துவிடும், ரெசிஸ்டர் வழியாக அது நிதானமாக நிரம்பிக்கொள்ளும். இந்த ஜோடி சுமார் 16 ஹெர்ட்சுக்கு, அதாவது நொடிக்கு 16 தடவைக்கு, மேல் போகப் போகக் குலுக்கலை லைனுக்குப் போகாமல் அதிகமாக அடக்கும். டிக்கின் கூர்மை எல்லாம் அதற்கு மேலேதான். கீழே இன்னொரு வரி: “கறுப்பு வயர் தனியாப் போகணும். வழியில எதையும் தொடக்கூடாது.” எல்இடியின் கிரவுண்ட் மற்றவற்றோடு சேராமல் நேரே ஜாக்குக்கு. தொடக்கூடாது என்பதன் கீழே இரண்டு கோடு.

போட்டேன். மூடியைப் போட்டு ஸ்க்ரூ முடுக்கினேன். வேகத்தைக் கடைசி வரை ஏற்றினேன். மிச்சத்தை நேற்று கேட்டீர்கள்.

பணம் எவ்வளவு என்று கேட்டதற்கு, ரெண்டு கால் மடிச்சதுக்குப் பணமா என்று போனை வைத்துவிட்டார். ஐயா, என்னால் சொல்ல முடிந்தது இதுதான். என்னைத் தள்ளி வைத்துவிட்டு நீங்களே பெட்டியை வரவழைத்துச் சரி செய்து அனுப்பியிருக்கலாம், யாரும் ஒன்றும் சொல்லியிருக்க மாட்டார்கள். பற்றவைக்கிற வேலையை மட்டும் எனக்கு விட்டு வைத்தீர்கள். நேற்று யாராவது “நீயே செஞ்சதா?” என்று கேட்டபோது, ஆமாம் என்று சொல்ல முடிந்தது.

இனி என்னிடம் யாராவது பழுதான பெடலோடு வந்தால், வாங்கிவிடலாமே என்று சொல்ல மாட்டேன். ஐசியை மாற்று என்றும் எடுத்த எடுப்பில் சொல்ல மாட்டேன். இதைப் பத்து பேர் பார்க்க எழுதிவைக்கிறேன், மீறினால் நீங்களே பிடித்துக் கேளுங்கள். ஒரு டப்பாவில் நூறு ஓமும் நூறு மைக்ரோவும் கறுப்புக் குழாயும் எப்போதும் இருக்கும். காலை மடித்து அனுப்புகிற அளவுக்கு எனக்குப் பொறுமை வருமா என்று தெரியவில்லை, முயற்சி செய்கிறேன்.

ஐயா, நீங்கள் கேட்ட அந்த மெதுவான பாட்டை நாளை சாயங்காலம் போனில் வாசிக்கிறேன். ஆம்ப் பக்கத்திலேயே வைத்துவிடுகிறேன், எடுக்க மாட்டேன்.

படத்தின் நகல் வேண்டுமென்பவர்கள் என்னிடம் கேளுங்கள், ஐயா சம்மதம் சொல்லிவிட்டார். கேட்கும்போதே போர்டின் செப்புப் பக்கத்தையும் படம் எடுத்து அனுப்பிவிடுங்கள். டார்ச்சைச் சாய்த்துப் பிடித்து.