ஒன்றாம் வகுப்புக்கு எரிமலை எதற்கு? பச்சைப்பயறு போதும்

ஆசிரியருக்கு வணக்கம்.

பிப்ரவரி 28 தேசிய அறிவியல் தினத்தை ஒட்டிப் பல பள்ளிகளில் கண்காட்சி நடக்கிறது. நல்ல விஷயம்தான். ஆனால் ஒன்றாம், இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளிடமும் 'மாடல்' கேட்கிறார்கள். அறிவிப்பு வருவதோ நாலைந்து நாள் முன்னால். அப்பா தெர்மாகோல் வாங்கி வர, அம்மா ராத்திரி உட்கார்ந்து ஒட்ட, பிள்ளை மனப்பாடம் செய்ததை ஒப்பித்துவிட்டு வருகிறது. போன முறை என் பேத்தியின் பள்ளியில், கடையில் ஆர்டர் கொடுத்துச் செய்த எரிமலைக்குத்தான் முதல் பரிசு. அதே வரிசையில் ஒரு சிறுவன் தயிர் டப்பாவில் கொள்ளு முளைக்க வைத்துக் கொண்டுவந்திருந்தான். நடுவர்கள் அங்கே நிற்கவே இல்லை.

நான் நின்றேன். ஒரு டப்பா ஜன்னலோரம் வைத்தது, இன்னொன்று பீரோவுக்குள் வைத்தது. பீரோவில் இருந்ததுதான் உயரம். ஆனால் வெளுத்து மஞ்சளாகி, தொட்டால் சாய்ந்தது. "இருட்டுல இருந்தது ஏன்டா இவ்வளவு பெருசா இருக்கு?" என்றேன். "வெளிச்சம் எங்கன்னு தேடுது பாட்டி" என்றான். சொல்லிக் கொடுத்து வந்த பதில் இல்லை அது. வெளிச்சம் கிடைக்காத முளை, இலையை விரிக்காமல், பச்சையமும் ஆக்காமல், விதையில் இருக்கும் சேமிப்பையெல்லாம் தண்டை நீட்டவே செலவழிக்கிறது. அம்மன் திருவிழாவுக்கு இருட்டறையில் வளர்க்கும் முளைப்பாரி வெளிர்மஞ்சளாய் நெடுநெடுவென்று நிற்பதும் இதனால்தான். நம் பிள்ளைகள் கண்ணால் பார்த்த விஷயம் இது.

ஓய்வுபெற்ற தொடக்கப்பள்ளி ஆசிரியை என்ற முறையில் சொல்கிறேன்: ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றச் சொன்னால் போதும். வெளிச்சத்தை மாற்றினால் விதை, மண், தண்ணீர் எல்லாம் இரண்டிலும் ஒன்றாகவே இருக்கட்டும். ஒற்றை விதையை நம்ப வேண்டாம், டப்பாவுக்குப் பத்தாவது போடுங்கள். தினமும் முளையின் உயரத்துக்கு நூலை வெட்டி நோட்டில் வரிசையாக ஒட்டினால், எழுதப் படிக்கத் தெரியாத பிள்ளைக்கும் வரைபடம் தயார்.

அப்புறம், கண்ணாடி டம்ளருக்குள் ஈரத் துணியைச் சுற்றி, துணிக்கும் கண்ணாடிக்கும் நடுவே மொச்சையைச் செருகச் சொல்லுங்கள். எப்படித் திருப்பி வைத்தாலும் வேர் கீழேதான் போகும். வேர் விட்டபின் டம்ளரைப் படுக்க வைத்தால், ஓரிரு நாளில் வேர் நுனி வளைந்து மறுபடி கீழே திரும்பும். பெரியவர்களே வாய் பிளந்து பார்ப்பார்கள். விதையில்லாமலும் செடி வரும் என்று காட்ட, நம் மாவட்டத்து மரவள்ளிக் கரணை (நடுவதற்கு வெட்டிய தண்டுத் துண்டு) ஒரு சாண் இருந்தால் ஆயிற்று.

இன்னொரு ஆசையும் உண்டு. ஏற்காடு கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரம். சேலம் 300 மீட்டருக்கும் கீழே. ஒரே பாக்கெட் பச்சைப்பயறைப் பங்கிட்டு, மலைமேல் ஒரு பள்ளியும் கீழே ஒரு பள்ளியும் ஒரே நாளில் ஊறப்போட்டால், குளிரில் முளைப்பு எவ்வளவு பிந்துகிறது என்று இரு பக்கத்துப் பிள்ளைகளும் கணக்குப் பார்க்கலாம். மலையில் கிடைக்கிறதே என்று காப்பிக் கொட்டையை மட்டும் எடுக்க வேண்டாம். அது முளைக்க ஒன்றரை, இரண்டு மாதம்கூட ஆகும்; பிள்ளைகள் சலித்துப்போவார்கள்.

செடியை நாலு நாளில் வளர்க்க முடியாது. ஆகவே பொங்கல் விடுமுறை முடிந்து திறந்ததுமே கண்காட்சியை அறிவித்துவிடுங்கள். ஐந்தாம் வகுப்பு வரை கடையில் வாங்கிய மாடல் கூடாது என்று அதிலேயே போட்டுவிடுங்கள். நடுவர்கள் பிள்ளையின் நோட்டைப் புரட்டிப் பார்த்து மதிப்பெண் போடட்டும். முளைக்காமல் அழுகிய டப்பாவுக்கும் மேஜையில் இடம் கொடுத்து, தண்ணீர் அதிகமாகிவிட்டதா, விதை பழசா என்று அந்தப் பிள்ளையிடமே கேட்கட்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியை,
அம்மாப்பேட்டை, சேலம்.