பேட்டரிக்குள் ஊற்ற ஒன்றுமில்லை

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். லித்தியம் பேட்டரிக்குள் இருக்கும் திரவத்தில் சிறிதளவு கலந்து அதன் ஆயுளைக் கூட்டும் சேர்மானங்கள் பற்றி சென்ற இதழின் அறிவியல் பக்கத்தில் வந்த கட்டுரையைப் படித்தேன். எழுத வேண்டிய விஷயம்தான். ஆனால் கடைசிப் பத்தியில், "இனி பேட்டரிக் கடையில் சில சொட்டு விட்டுக்கொண்டால் பழைய பேட்டரியும் புதிதாகிவிடும்" என்று ஒரு வரி வருகிறது. அந்தப் பேட்டரிக் கடை வைத்திருப்பவர்களில் நானும் ஒருவன். கட்டுரையாளர் ஒரே ஒரு கடையில் ஏறி விசாரித்திருந்தாலும் அந்த வரி அச்சுக்குப் போயிருக்காது.

இதழ் வந்த சில நாளிலேயே ஓர் இ-ஆட்டோக்காரத் தம்பி அந்தப் பக்கத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு வந்துவிட்டார். 48 வோல்ட் பேக். சார்ஜ் நிற்கவில்லை. "அண்ணே, இதுல போட்டிருக்கிற மருந்தை ஊத்திக் குடுங்க, எவ்வளவு ஆகும்?" என்று கேட்டார். திறந்து மல்டிமீட்டர் வைத்துப் பார்த்தால், 13 செல் தொகுப்புகளில் 12 தொகுப்பு 3.6 வோல்ட் காட்டுகிறது, ஒன்று மட்டும் 2.1. மழைத்தண்ணீர் இறங்கி அந்த இடத்து நிக்கல் பட்டை வெள்ளை பூத்துக் கிடந்தது. அந்தத் தொகுப்பை மாற்றி, புதுப் பட்டை வைத்து வெல்டிங் செய்து, செல்களைக் கண்காணித்துக் காக்கும் பிஎம்எஸ் என்ற மின்பலகையையும் சரிபார்த்துக் கொடுத்தேன். வண்டி ஓடுகிறது. ஆனாலும் போகும்போது அவர் முகம் தெளியவில்லை. "புத்தகத்துலயே போட்டிருக்கு, நீங்க ஏன் ஊத்த மாட்டேங்கிறீங்க?" என்றார். வருடக்கணக்காக என்னை நம்பி வண்டி விடுகிறவர் அவர். அச்சில் வந்த ஒரு வரிக்கு முன்னால் என் பேச்சு எடுபடவில்லை.

அவரைக் குறை சொல்ல மாட்டேன். என் அப்பா இதே கடையில் லாரி, டிராக்டர் பேட்டரிகளுக்கு மூடியைத் திறந்து டிஸ்டில்டு வாட்டர் ஊற்றிக்கொண்டிருந்தார். பேட்டரி என்றால் ஏதாவது ஊற்றலாம் என்பது ஜனங்கள் மனதில் ஊறிப்போன நினைப்பு. லித்தியம் அப்படி இல்லை, அதன் செல்லைத் திறக்கவே கூடாது என்று சொல்லிச் சொல்லிப் புரியவைக்க எங்களைப் போன்றவர்கள் எவ்வளவோ பாடுபட்டிருக்கிறோம்.

போன வருடம் ஒரு கல்லூரி மாணவர், செத்துப்போன செல்லுக்கு உயிர் கொடுக்கிறேன் என்று அதில் துளை போட்டு, ஊசியால் டிஸ்டில்டு வாட்டர் ஏற்றிவிட்டு என்னிடம் கொண்டுவந்தார். துளையைச் சுற்றி ஈரம், மூக்கைக் குத்தும் நெடி. விரலில் லேசான சிவப்பு மட்டும்தான், வலி இல்லை என்றார். நான் விடவில்லை, கையைக் கழுவவைத்து நேரே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். தங்களுக்குத் தெரியாததல்ல, எலக்ட்ரோலைட்டில், அதாவது செல்லுக்குள் அயனிகளைக் கடத்தும் திரவத்தில், இருக்கும் லித்தியம் ஹெக்ஸாஃப்ளோரோபாஸ்பேட் என்ற உப்பில் தண்ணீர் பட்டால் ஹைட்ரஜன் ஃப்ளோரைடு என்ற நச்சுப்பொருள் வரும். அது தோலுக்குள் இறங்கும், வலி பல மணி நேரம் கழித்தும் வரலாம். அன்று ராத்திரி அந்தப் பையன் துடித்துப்போனார். எலக்ட்ரோலைட்டில் பத்து லட்சத்துக்கு 20 பங்கு ஈரம்கூட இருக்கக் கூடாது என்று தொழிற்சாலைகளில் தனியாக உலர் அறை கட்டிப் பாதுகாப்பது இதற்காகத்தான். அதைக் கடை மேஜையில் வைத்துத் திறக்கலாம் என்று தங்கள் பத்திரிகை எழுதிவிட்டது.

சேர்மானம் பொய் என்று நான் சொல்லவில்லை. இன்று நாம் வாங்கும் செல்களில் ஏற்கெனவே அது இருக்கிறது. கட்டுரை இதைச் சொல்லவே இல்லை. புது செல்லைத் தொழிற்சாலையில் முதன்முதலாக மெதுவாகச் சார்ஜ் ஏற்றும்போது, எதிர்மின்முனையில் இருக்கும் கிராஃபைட்டின் மேல் எலக்ட்ரோலைட் கொஞ்சம் சிதைந்து மெல்லிய படலமாகப் படியும். லித்தியம் அயனி அதன் வழியாகப் போகும், எலக்ட்ரான் போகாது. அந்தப் படலம் சரியாக அமைந்தால் செல் பல வருடம் உழைக்கும். எலக்ட்ரோலைட்டில் 2 சதவீதம் அளவுக்கு வைனிலீன் கார்பனேட் என்ற சேர்மானத்தைச் சேர்த்தால், மற்ற கரைப்பான்களுக்கு முன்னால் அது சிதைந்து நல்ல படலத்தைப் போட்டுவிடுகிறது. சிலிக்கான் கலந்த செல்லுக்கு ஃப்ளோரோஎத்திலீன் கார்பனேட். ஆக, அதன் முக்கிய வேலை அந்த முதல் சார்ஜிலேயே நடந்துவிடுகிறது. பால் வெதுவெதுப்பாக இருக்கும்போது உறை விட வேண்டும். திரிந்த பிறகு குடம் மோர் விட்டாலும் தயிர் ஆகாது.

அளவு கூடினாலும் ஆபத்துதான். வைனிலீன் கார்பனேட் அதிகமானால் படலம் தடித்து மின்தடை ஏறும். ஃப்ளோரோஎத்திலீன் கார்பனேட் அதிக வெப்பத்தில் வாயுவைக் கிளப்பி செல்லை உப்பவைக்கும். "எவ்வளவு சேர்க்கிறோமோ அவ்வளவு நல்லது" என்ற தொனி கட்டுரை முழுக்க இருந்தது. நம் ஊர்ச் சித்திரை வெயிலில் வண்டி ஓட்டுகிறவர்கள் படிக்கும் பத்திரிகை இது.

கட்டுரை புகழ்ந்திருக்கும் கனடா ஹாலிஃபாக்ஸின் பேட்டரி விஞ்ஞானி ஜெஃப் டான் மேல் எனக்குப் பெரிய மரியாதை உண்டு. 16 லட்சம் கிலோமீட்டர் ஓடக்கூடிய பேட்டரி என்று உலகம் பேசியதே, 2019இல் வந்த அந்த ஆய்வு அவர் குழுவினருடையது. அது ஒரு சொட்டு மாயம் அல்ல. ஒற்றைப் படிகமாகச் செய்த நேர்மின்முனைப் பொருள், தேர்ந்தெடுத்த கிராஃபைட், அதற்கேற்ற சேர்மானங்கள் எல்லாம் சேர்ந்து, மூன்று வருடம் வரை சோதித்துச் சொன்ன முடிவு. அந்த ஆய்வு நடந்த டல்ஹௌசி பல்கலைக்கழகத்தில் அப்புறம் நடந்ததைக் கட்டுரையாளர் எழுதியிருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்! சும்மா வைத்திருந்தாலே செல்லில் சார்ஜ் ஏன் இறங்குகிறது என்று அங்கே தேடினார்கள். சூட்டில் வைத்த செல்லைத் திறந்து பார்த்தால் எலக்ட்ரோலைட் சிவந்து கிடக்கிறது. கடைசியில் காரணம், உள்ளே மின்முனைகள் பிரியாமல் பிடித்துக்கொள்ள ஒட்டிய சின்னஞ்சிறு டேப்! குளிர்பான பாட்டில் செய்யும் அதே பாலியெஸ்டர். அது சிதைந்து கலந்த பொருள்தான் இரு முனைகளுக்கும் இடையே ஓடி ஓடிச் சார்ஜைத் தின்றிருக்கிறது. டேப்பை மாற்றினால் சரியாகிவிடும் என்று கண்டுபிடித்து 2023இல் வெளியுலகுக்குச் சொன்னார்கள். இதைப் படித்த அன்று என் கடைப் பையன்களைக் கூப்பிட்டு உட்காரவைத்துச் சொன்னேன். இப்படி ஒரு சேதியை வாசகனுக்குக் கொடுக்காமல் "சில சொட்டு" என்று முடிப்பதற்கு எப்படி மனம் வந்தது?

மனதில் இருப்பதையெல்லாம் சொல்லிவிடுகிறேன், தாங்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். 2022 கோடையில் மின்ஸ்கூட்டர்கள் அடுத்தடுத்துத் தீப்பிடித்தபோது, "மூலைக்கு மூலை முளைத்த ஒட்டுவேலைக் கடைகளே காரணம்" என்று தங்கள் இதழ் அட்டையிலேயே போட்டது. புது வண்டிகளும்தானே எரிந்தன? பிறகு மத்திய அரசு பேட்டரிப் பாதுகாப்பு விதிகளைத் திருத்தி, 2022 டிசம்பரிலும் 2023 மார்ச் இறுதியிலும் இரண்டு கட்டமாக அமலுக்குக் கொண்டுவந்தது. அந்த விதிகளெல்லாம் தயாரிப்பாளர்களுக்கு. அதைப் பற்றித் தங்கள் இதழில் ஒரு பத்திகூட வரவில்லை. அன்றும் கடிதம் எழுதினேன். கிடைத்தது என்றுகூடப் பதில் வரவில்லை.

இன்னொன்று. காரைக்குடியில் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது. அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலம் கொடுத்து, 1948இல் நேரு அடிக்கல் நாட்டி, 1953 பொங்கல் சமயத்தில் ராதாகிருஷ்ணன் திறந்துவைத்தது. பேட்டரியே வாழ்க்கையாக இருக்கும் விஞ்ஞானிகள் அங்கே வேலை பார்க்கிறார்கள். மதுரையிலிருந்து பஸ் ஏறினால் இரண்டு மணி நேரத்தில் போய்விடலாம். ஆனால் தங்கள் அறிவியல் பக்கத்தில் பேட்டரி என்றால் அமெரிக்கா, ஜப்பான், சீனா. நம் பக்கத்து ஊர்ப் பெயரை அதில் நான் பார்த்ததே இல்லை. அங்கே ஒரு போன் போட்டுக் கேட்டிருந்தால் அந்தக் கடைசி வரியை அவர்களே நீக்கச் சொல்லியிருப்பார்கள்.

அப்பா காலத்திலிருந்து எங்கள் வீட்டுக்கு வரும் பத்திரிகை. நிறுத்திவிடுவேன் என்று மிரட்டுவதற்காக இதை எழுதவில்லை. நான் கேட்பது சின்ன விஷயம்தான். அடுத்த இதழில், அதே பக்கத்தில், கண்ணில் படும்படி ஒரு திருத்தம் போடுங்கள்: லித்தியம் செல்லைத் திறந்து எதையும் ஊற்றக் கூடாது, உப்பிய செல்லையோ கசியும் செல்லையோ குத்தவோ வெட்டவோ கூடாது, அப்படி ஒரு திரவத்தை யாராவது விற்றால் வாங்க வேண்டாம். மூன்று வரி போதும். அந்த ஆட்டோக்காரத் தம்பி அடுத்த முறை வரும்போது அதையும் வெட்டி எடுத்துக்கொண்டு வரட்டும்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்,
பேட்டரி பழுதுபார்ப்பவர்,
மதுரை.