கருப்பிக்கு ஆபரேஷன் முடிந்தது

அன்புள்ள வசந்தி,

உன் கடிதம் கிடைத்தது. அம்மாவுக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது என்று படித்ததும்தான் நிம்மதி. நான் விசாரித்ததாகச் சொல்.

இங்கே எங்கள் நாய் கருப்பிக்குக் குடும்பக்கட்டுப்பாடு ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. உன் நாய் செம்பிக்கும் செய்ய நினைக்கிறாய் என்பதால் விவரமாக எழுதுகிறேன். வேப்பேரி கால்நடை ஆஸ்பத்திரியில் செய்தோம். ஒரு ஈத்தாவது ஈன்றால்தான் நாய்க்கு நல்லது என்று பக்கத்து வீட்டு மாமி சொல்லிக்கொண்டே இருந்தார். அப்படியெல்லாம் ஒன்றும் கிடையாது என்றார் டாக்டர். கருப்பையில் சீழ் கோக்கும் நோய் பற்றி இனிப் பயமில்லை; எனக்கு அதுவே போதும்.

முதல் ராத்திரி மயக்கம் முழுசாகத் தெளியவில்லை. முனகினாள், உடம்பு நடுங்கியது. தரையில் மெத்தை விரித்துப் போர்வை போர்த்திப் பக்கத்திலேயே படுத்துக்கொண்டேன். தண்ணீர் கொஞ்சம் கொஞ்சமாக. அப்புறம் உப்பில்லாமல் வேகவைத்த கோழியும் குழைந்த சோறும்.

ஆனால் வசந்தி, அந்த ராத்திரியைவிட அதற்கப்புறம்தான் கஷ்டம். வலி குறைந்ததும் தனக்கு ஒன்றுமே இல்லை என்று நினைத்துக்கொள்கிறாள். வாசலில் தபால்காரர் சத்தம் கேட்டால் போதும், சோபாவிலிருந்து தாவப் பார்க்கிறாள். மேல்தோல் சேர்ந்துவிட்டாலும் உள்தையல் ஆற நாளாகும். தையல் பிரிக்கப் 10 முதல் 14 நாள் ஆகும்; அதுவரை ஓட்டம், மாடிப்படி, குளியல் எதுவும் கூடாது. ஒன்றுக்குப் போகக்கூடக் கயிற்றோடுதான் கூட்டிப்போகிறேன்.

கழுத்தில் மாட்டிய பிளாஸ்டிக் கூம்பு கதவில் எல்லாம் இடிக்கிறது. பாவமாக இருக்கிறதே என்று கழற்றிவிட மனசு துடிக்கும். கழற்றாதே. கொஞ்ச நேரம் நக்கினாலே தையல் பிரிந்துவிடும். சாப்பாட்டுக் கிண்ணத்தை ஒரு மணைமேல் வைத்தால் கூம்போடே சாப்பிடுவாள். தினமும் காலையில் வயிற்றைத் திருப்பிப் பார்க்கிறேன். லேசான வீக்கம் பரவாயில்லை. நீர் கசிந்தாலோ நாற்றம் வந்தாலோ உடனே தூக்கிக்கொண்டு ஓட வேண்டும். ஈறு வெளுத்துப்போனால் உள்ளே ரத்தம் கசிகிறது என்று சந்தேகப்பட வேண்டும். வலிக்கிறதே என்று நாம் போடும் மாத்திரையை மட்டும் கொடுத்துவிடாதே. பாராசிட்டமாலும் ஐபுபுரூஃபனும் நாய்க்கு ஆபத்து.

உன் செம்பி இப்போதுதானே பருவத்துக்கு வந்தாள்? இரண்டு மூன்று மாதம் போகட்டும். பருவச் சமயத்தில் கருப்பைக்கு ரத்த ஓட்டம் கூடியிருக்கும் என்பதால் டாக்டரே தள்ளிப்போடத்தான் சொல்வார். தேதி முடிவானதும் எழுது. முதல் இரண்டு ராத்திரியும் நான் வந்து உன்னோடு இருக்கிறேன்.

அன்புடன்,
கலா