எலும்பை வைத்து உறவு கொண்டாடலாமா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

நான் மண்டபம் பக்கம் ஒரு பள்ளியில் தமிழ் சொல்லிக்கொடுக்கிறேன். உங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த எலும்புக் கட்டுரை எங்கள் ஊர் வாட்ஸ்அப் குழுக்கள் எல்லாவற்றிலும் சுற்றிவிட்டது. பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் "டீச்சர், பின்லாந்துக்காரங்களும் தமிழங்கதானாமே" என்று கேட்கிறார்கள். பின்னிஷ் மொழியில் எலும்புக்கு 'லூ', நம்மிடம் 'எலு', ஆகவே பின்னிஷ் தமிழின் பிள்ளை, சமஸ்கிருத 'அஸ்தி'யும் நம்மிடமிருந்து போனதுதான் என்று கட்டுரை முடிகிறது. தமிழ் மேல் உள்ள பாசத்தில் எழுதியது என்பது புரிகிறது. எனக்கும் அதே பாசம் உண்டு, அதனால்தான் எழுதுகிறேன்.

முதலில் சரியானதைச் சொல்லிவிடுகிறேன். 'லூ' கற்பனை இல்லை. பின்னிஷிலும் எஸ்தோனியனிலும் எலும்பு 'லூ'தான், ரஷ்யாவுக்குள் பேசப்படும் மாரி மொழியில் 'லு', மான்சியில் 'லுவ்'. நம் பக்கம் குறளில் "அன்புடையார் என்பும் உரியர் பிறர்க்கு" என்று 'என்பு' வருகிறது, அப்புறம் எலும்பு, மலையாளத்தில் 'எல்லு', கன்னடத்தில் 'எலுபு', தெலுங்கில் 'எமுக', நீலகிரியில் தோடர்கள் 'எல்ஃப்' என்கிறார்கள். பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் யாருக்கும் ஆசை வரத்தான் செய்யும்.

ஆனால் இங்கே ஒத்துப்போவது எத்தனை எழுத்து என்று பாருங்கள். லகரம் ஒன்று. எலும்பில் இருக்கும் 'ம்பு' கரும்பு, இரும்பு, எறும்பில் வருவது போன்ற பின்னொட்டு, அதைக் கழித்தால் மிஞ்சுவது 'எல்'. உலகத்தில் ஏறத்தாழ 7,000 மொழிகள் இருக்கும்போது ஒரு மெய்யெழுத்து ஒத்துப்போவது பெரிய விஷயமா? ஆஸ்திரேலியப் பழங்குடி மொழியான ம்பபரமில் நாய்க்குப் பெயர் 'டாக்' என்றே இருந்தது. ஆங்கிலத்துக்கும் அதற்கும் ஒட்டும் கிடையாது, உறவும் கிடையாது, கடனும் கிடையாது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஹங்கேரியன், பின்னிஷுக்குச் சொந்தக்கார மொழி, அதில் யாருக்கும் சந்தேகமில்லை. ஹங்கேரியனில் எலும்புக்கு என்ன பெயர்? 'சோன்ட்'. ஆக எலும்பை மட்டும் அளவுகோலாக வைத்தால் பின்னிஷுக்கு ஹங்கேரியனைவிடத் தமிழ் நெருக்கம் என்றாகிவிடும்! ஆங்கில 'போன்' கதையும் இதுதான், கிரேக்க 'ஆஸ்டியோன்', லத்தீன் 'ஓஸ்', சமஸ்கிருத 'அஸ்தி' என்று ஒரு குடும்பமே ஒரே சொல்லை வைத்திருக்க, ஆங்கிலம் வேறு சொல்லை எடுத்துக்கொண்டது, அதன் உடன்பிறப்பான ஜெர்மனில் அதே சொல் 'பைன்' ஆகி இன்றைக்குக் காலைக் குறிக்கிறது. கீழக்கரை மதரஸா பிள்ளைகள் படிக்கும் அரபியில் எலும்பு 'அள்ம்', ஹீப்ருவில் 'எட்செம்'. அதே பெருங்குடும்பத்தைச் சேர்ந்த பழைய எகிப்திய மொழியில் 'கெஸ்', மேற்கு ஆப்பிரிக்காவில் பேசப்படும் ஹவுசாவில் 'கஷி'. ரஷ்ய மொழியிலோ 'கோஸ்த்'! காதால் மட்டும் கேட்டால் ஹவுசாவை ரஷ்யனோடு சேர்க்கத் தோன்றும், அரபியோடு சேர்க்கத் தோன்றாது. அரபியையும் எகிப்தியத்தையும் ஹவுசாவையும் ஒரு குடும்பம் என்று சொல்வது எலும்பை நம்பி இல்லை, 'நான், நீ, அவன்' போன்ற மூவிடப்பெயர்கள், வினை திரியும் முறை, ஆண்பால் பெண்பால் விகுதிகள் என்று இலக்கணமே ஒத்துப்போவதால்தான்.

உறவை எப்படி நிரூபிக்கிறார்கள் என்பதைக் கட்டுரை சொல்லவே இல்லை, எனக்கு உண்மையில் வருத்தம் அதில்தான். ஏனென்றால் அந்த வேலையை நம் மொழிகளுக்கு அச்சில் முதலில் செய்து காட்டியவர் சென்னைக் கலெக்டராக இருந்த எல்லிஸ். 1816-ல், கேம்பெல் எழுதிய தெலுங்கு இலக்கணத்துக்கு முன்னுரைக் குறிப்பாக, தெலுங்கின் வேர்ச்சொற்கள் சமஸ்கிருதத்தோடு ஒட்டவில்லை, தமிழோடும் கன்னடத்தோடும்தான் ஒட்டுகின்றன என்று வரிசை வரிசையாக வைத்துக் காட்டினார். அவர் 1819-ல் இறந்தது நம் ராமநாதபுரத்தில். எங்கள் மாவட்டத்துப் பிள்ளைகளில் எத்தனை பேருக்கு இது தெரியும்? பின்லாந்து தெரிந்துவிட்டது, எல்லிஸ் தெரியவில்லை.

அவருக்குப் பின்னால் வந்தவர்கள் அதை விதியாகவே ஆக்கினார்கள். பால், ஹாலு. பல், ஹல்லு. புலி, ஹுலி. தமிழில் சொல்லின் முதலில் பகரம் வந்தால் கன்னடத்தில் பெரும்பாலும் ஹகரம். கேட்க ஒன்று போல இல்லாவிட்டாலும் மாற்றம் ஒழுங்காக வருகிறது பாருங்கள், அதுதான் சான்று. செவிக்குக் கன்னடத்தில் 'கிவி' என்பதும் அப்படித்தான்.

இந்த ஒழுங்கு எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு எலும்பிலேயே ஓர் அருமையான கதை உண்டு. சசூர் என்ற சுவிஸ் இளைஞர், 21 வயதில் எழுதி 1879-ஆம் ஆண்டிட்டு வெளியான நூலில், கிரேக்கம், லத்தீன், சமஸ்கிருதத்துக்கெல்லாம் தாயான மொழியில் இப்போது எங்குமே கேட்காத சில ஒலிகள் இருந்திருக்க வேண்டும் என்று கணக்குப் போட்டுச் சொன்னார். சொன்னபோது கையில் ஒரு நேரடிச் சான்றும் இல்லை. அப்புறம் துருக்கியில் களிமண் பலகைகள் கிடைத்தன, அவற்றிலிருந்த, அதே குடும்பத்துப் பழைய மொழியான ஹிட்டைட்டை 1915-ல் ஹ்ரோஸ்னி படித்துக் காட்டினார், 1927-ல் குரிலோவிச் என்ற போலந்துக்காரர் சசூர் சொன்ன இடங்களில் ஹிட்டைட்டில் 'ஹ' போன்ற ஓர் ஒலி நிற்பதைச் சுட்டிக்காட்டினார். ஹிட்டைட்டில் எலும்புக்கு என்ன சொல் தெரியுமா? 'ஹஸ்தாய்'. அஸ்தியும் ஆஸ்டியோனும் தொலைத்த முதல் ஒலி அதில் அப்படியே இருக்கிறது. இதைப் பிள்ளைகளுக்குச் சொன்னபோது வகுப்பில் சத்தமே இல்லை. இப்படிப்பட்டதை எழுதுங்கள் ஐயா.

அஸ்திக்கு வருகிறேன். ராமேஸ்வரம் அக்னி தீர்த்தத்துக்கு எங்கெங்கிருந்தோ துணி கட்டிய கலயத்தோடு வருகிறார்கள், உள்ளே சாம்பலோடு வெளுத்த சின்னத் துண்டுகள் கிடக்கும், அதைத்தான் அஸ்தி என்கிறோம். அதே ஆட்கள் ஊர் திரும்பி "அஸ்தி சூப்" கேட்க மாட்டார்கள், எலும்பு சூப்தான். சடங்கோடு வந்த சொல் சடங்கில் நின்றது, சமையலறையில் நம் சொல் நம்மிடமே இருக்கிறது. டாக்டர் எழுதும் 'ஆஸ்டியோபோரோசிஸ்' அந்த அஸ்திக்கு ஒன்றுவிட்ட உறவு. ('ஆர்த்தோ' என்றால் எலும்பு என்று பலர் நினைக்கிறார்கள், அது 'நேரான' என்று பொருள்படும் கிரேக்கச் சொல்.) தனுஷ்கோடிக்கு எதிர்க்கரையில் சிங்களத்தில் எலும்பையும் விதையையும் ஏறக்குறைய 'எட்ட' என்று ஒரே சொல்லால் சொல்வார்கள், பாலியின் 'அட்டி'க்கும் இரண்டு பொருளும் உண்டு, அதுவும் அஸ்தி வழிதான். கண்ணுக்கெட்டும் தூரத்துச் சிங்களத்தின் எலும்பு கிரீஸோடு உறவு, நம் எலும்பு நீலகிரித் தோடரோடு உறவு. கடல் குறுகலாக இருப்பதால் சொல் உறவாகிவிடாது.

சொல்லின் பொருள் நகர்வதையும் கவனிக்க வேண்டும். பாம்பன் மீன் ஏலத்தில் போய் யாரிடமாவது மீன் எலும்பு என்று சொல்லிப் பாருங்கள். முள் என்பார்கள். முரல் மீனைக் கீறினால் பச்சைப் பசேல் என்று நடுவில் நிற்கும், அதுவும் பச்சை முள்தான். வெளியூரிலிருந்து ஒருவர் சொற்பட்டியலோடு வந்து அந்தப் பச்சைத் தண்டைக் காட்டிக் கேட்டு, 'எலும்பு: முள்' என்று எழுதிக்கொண்டு போனால், அங்கேயிருந்து எத்தனை பொய் உறவுகள் முளைக்கும்!

தூரத்து உறவைத் தேடவே கூடாது என்று நான் சொல்லவில்லை. கால்டுவெல் 1856-லேயே திராவிடத்தை அவர் 'சித்தியன்' என்றழைத்த வடக்கத்திய மொழிகளோடு சேர்த்துப் பார்த்தார். 1940-களில் பர்ரோ என்ற ஆங்கிலேய மொழியியலாளர், திராவிடத்திலும் பின்னிஷ் வகை மொழிகளிலும் உடலுறுப்புப் பெயர்களை மட்டும் எடுத்து ஒரு நீண்ட கட்டுரையே எழுதினார். ரஷ்யாவில் இல்லிச்-ஸ்விதிச், திராவிடம் உட்படப் பல குடும்பங்களுக்கும் ஒரே மூலம் தேடினார், 1966-ல் விபத்தில் இறக்கும்போது அவருக்கு வயது 31. இவர்கள் எல்லாம் பெரிய உழைப்பாளிகள், ஆனாலும் அந்த உறவு நிரூபிக்கப்பட்டதாகப் பெரும்பாலான மொழியியலாளர்கள் இன்றைக்கும் ஏற்கவில்லை. அதைவிட, இவர்களில் யாருமே பின்னிஷ் தமிழிலிருந்து பிறந்தது என்று சொன்னதில்லை. ஒரே தாய்க்கு இரண்டு பிள்ளைகளா என்று தேடுவது வேறு, ஒன்று மற்றதன் பிள்ளை என்பது வேறு. என்றைக்காவது முறையாக நிரூபணமானால் முதலில் இனிப்பு கொடுப்பவள் நானாகத்தான் இருப்பேன்.

என் கோரிக்கை இதுதான். அடுத்த முறை சொல்லாராய்ச்சி என்று ஏதாவது வந்தால், அச்சுக்குப் போகும் முன் மொழியியல் படித்த ஒருவரிடம் காட்டுங்கள். எல்லிஸைப் பற்றி ஒரு நல்ல கட்டுரை போடுங்கள், ராமநாதபுரம் பதிப்பிலாவது. பர்ரோவும் எமனோவும் தொகுத்த திராவிட வேர்ச்சொல் அகராதி சிகாகோ பல்கலைக்கழகத்தின் இணையதளத்தில் காசில்லாமல் கிடைக்கிறது, அதில் எப்படித் தேடுவது என்று பிள்ளைகளுக்குப் புரியும்படி அரைப் பக்கம் ஒதுக்கினால் அந்தப் பக்கத்தை வெட்டி எங்கள் வகுப்புச் சுவரில் ஒட்டிவிடுவேன்.

இப்படிக்கு,
ஒரு தமிழாசிரியை,
மண்டபம், ராமநாதபுரம் மாவட்டம்.