எக்ஸ்டென்ஷன் கட்டப் போற நம்ம காலேஜ் கட்டடக் கமிட்டிக்கு ஒரு திறந்த மடல்

கமிட்டில இருக்குற எல்லாருக்கும் வணக்கம். நான் பழைய மாணவன், இப்ப பில்டிங் எலக்ட்ரிகல் வேலை பாக்குறேன். மெயின் பிளாக்க ஒட்டி வரப்போற லைப்ரரி எக்ஸ்டென்ஷனுக்கு கிரீன் பில்டிங் சர்டிபிகேட் வாங்கப் போறோம்னு சொன்னீங்க, ரொம்ப சந்தோஷம். ஆனா எந்த ரேட்டிங்னு கட்டி முடிச்சப்புறம் பாத்துக்கலாம்னு விட்டிருக்கீங்களே, அது மட்டும் வேணாம்.

ஒட்டிக் கட்டுற கட்டடத்துக்கு முதல் கேள்வியே பழசு எதுவரைக்கும், புதுசு எங்கேருந்துங்கறதுதான். லீட்ல, அதாவது அமெரிக்காக்காரங்க குடுக்குற கிரீன் பில்டிங் ரேட்டிங்ல, புது பிளாக்க மட்டும் பதியணும்னா அதத் தனியா பிரிச்சுக் காட்ட முடியணும், கரண்ட் எவ்ளோ இழுக்குதுன்னு தனியா அளக்க முடியணும். நீங்க குரூப்ல போட்ட டிராயிங்ல பழைய பேனல் ரூம்லேருந்து ஒரே கேபிள் போகுது, நடுவுல மீட்டரே இல்ல, ஏசிக்கும் தண்ணிய குளிர வைக்குற பழைய சில்லர் மெஷின்லேருந்தே பைப் வருது. கேபிள்ல ஒரு சப்-மீட்டர், சில்லர் பைப்ல எவ்ளோ குளிர்ச்சி போகுதுன்னு அளக்குற ஒரு பிடியு மீட்டர், தண்ணி லைன்ல ஒண்ணு, இதெல்லாம் இப்பன்னா சின்ன வேலைங்க, ஃபால்ஸ் சீலிங் அடிச்சப்புறம்னா உடைச்சுத்தான் போடணும்.

நம்ம நாட்டு ரேட்டிங்கான கிரிஹா பத்தியும் பேச்சு வந்துச்சுன்னு கேள்விப்பட்டேன். அதுக்குக் குறைஞ்சது 2,500 சதுர மீட்டர் வேணும், நம்ம 22,000 சதுர அடி கிட்டத்தட்ட 2,040 தான் வருது, அதனால சின்னக் கட்டடங்களுக்கான ஸ்வகிரிஹாதான் கிடைக்கும். பழசையும் சேத்து ரெனவேஷன்னு லீட்ல போடலாம்னா ஏசி, வெளிச்சுவர், உள்வேலைன்னு பெருசா மாத்தியிருக்கணும், நாம அங்க பெயிண்ட் மட்டும்தானே அடிக்கிறோம்.

என்னக் கேட்டா இப்போதைக்கு புது பிளாக்குக்கு ஐஜிபிசியோட (இந்தியன் கிரீன் பில்டிங் கவுன்சில்) நியூ பில்டிங்ஸ் ரேட்டிங் போதும், லைப்ரரி, காலேஜ் எல்லாம் அதுல வருது. புதுசு ஒரு வருஷம் ஓடினதும் ரெண்டையும் சேத்து எக்ஸிஸ்டிங் பில்டிங் ரேட்டிங்குக்குப் போகலாம், அங்க கேக்குறதே ஓடின கட்டடத்தோட கரண்ட், தண்ணிக் கணக்குதான், அதுக்கும் இதே மீட்டர்தான் உதவும். பழைய பிளாக் மாடில பசங்க ஏப்ரல் மாச வெயில்ல வெந்துட்டு பரீட்சை எழுதுறாங்க, அந்த மொட்டை மாடிக்கு கூலிங் டைல்ஸ் கூட ஒட்டாம பக்கத்துல புதுசுக்கு மட்டும் பிளாட்டினம்னு உச்ச ரேட்டிங் போர்டு மாட்டுறது எனக்குச் சரியாப் படல.

இன்னொண்ணு, மண் அரிச்சுப் போகாம தடுக்குறது லீட், ஐஜிபிசி ரெண்டுலயும் கட்டாயம், ரேட்டிங்ல பாயின்ட் சேக்குறதுக்காக வேணும்னா செய்றது இல்ல. தோண்டுற முதல் நாள்லேருந்தே போட்டோ, ரெக்கார்டு வேணும், மேல்மண்ண தனியாக் குவிச்சு மூடி வைக்கணும். ஜேசிபி வந்து எல்லாத்தையும் புரட்டிப் போட்டப்புறம் அதுக்கு எங்க போறது?

அதனால டெண்டர் விடுறதுக்கு முன்னாடி ரேட்டிங்க முடிவு பண்ணிப் பதிஞ்சிடுங்க, மீட்டர் மூணையும் மண் வேலையையும் டெண்டர்லயே எழுதிடுங்க. எலக்ட்ரிகல் டிராயிங்க நானே காசு வாங்காம திருத்தித் தர்றேன், அடுத்த மீட்டிங்குக்கு என்னையும் கூப்பிடுங்க.